ஒட்டாத பிளாஸ்டிக்கில் ஒரு வந்தவாசிப் படை

1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசிப் போரைச் சிறு பொம்மை வீரர்களை வைத்து மேசைமேல் ஆட நினைப்பவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் பணம்தான். 28 மி.மீ. உலோக உருவங்கள் ஐந்தாறு வாங்கும் காசுக்கு 1/72 அளவில் (உண்மை ஆளின் 72-இல் ஒரு பங்கு) நாற்பது, ஐம்பது பிளாஸ்டிக் வீரர்கள் கொண்ட ஒரு பெட்டி வந்துவிடும். அந்தப் பெட்டியில் வந்தவாசிச் சிப்பாய், அதாவது ஐரோப்பியப் படைகளில் சேர்ந்து போரிட்ட இந்தியக் காலாள், இருக்க மாட்டார். அமெரிக்க விடுதலைப் போர் வீரரோ, ஏழாண்டுப் போரின் பிரஷ்யரோ, நெப்போலியன் காலத்து ஆளோ இருப்பார். அவரை வெட்டி, சுற்றி, பூசி நமக்கு வேண்டியவராக மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959-இல் தன் முதல் சிறு உருவப் பெட்டியாக அரண்மனைக் காவலரின் பேண்டு வாத்தியக் குழுவை வெளியிட்டது. அதற்குப் பின் வந்த சில பெட்டிகளை வைத்துக்கொண்டே 1960-களில் பிரிட்டனில் இப்படி மேசைமேல் போர் ஆடும் வார்கேம் ஆட்டக்காரர்கள், கடையில் இல்லாத படைகளையெல்லாம் வெட்டி ஒட்டி உண்டாக்கினார்கள்.

செய்துபார்த்துக் கைவிடுபவர்கள் அதிகம். காரணம் ஒன்றுதான். கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று தெரியாமல் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பெயிண்ட் உரிகிறது, தலை கழன்று விழுகிறது, நிறம் மாதக்கணக்கில் பிசுபிசுக்கிறது. இவை மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு.

தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

மலிவு உருவங்கள் பெரும்பாலும் மூன்று வகைப் பிளாஸ்டிக்கில் வருகின்றன. பாலித்தீன், மென்மையான பிவிசி, கெட்டியான பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். அடர்த்தியால் பிரிப்பது எளிது.

உருவங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பையில் வரும் பொம்மை என்றால் அடித்தட்டின் ஓரத்தில் ஒரு துணுக்கு போதும். உள்ளே காற்று அடைத்த உப்பல் துண்டாக இருக்கக் கூடாது, அது ஏமாற்றும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். இல்லாவிட்டால் துண்டைச் சுற்றி நீர்க்குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதக்கும். துண்டை விரலால் முழுக்க அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்தால் பாலித்தீன் குடும்பம். மூழ்கினால் இரண்டாம் டம்ளருக்குப் போகலாம். அரை லிட்டர் தண்ணீரில் 75 கிராம் சமையல் உப்பைக் கரைத்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.1 ஆகும். பாலிஸ்டைரீனும் ஏபிஎஸ்ஸும் 1.05-ஐ ஒட்டியவை, உப்பு நீரில் மிதக்கும். பிவிசி 1.2-க்கு அருகில் அல்லது அதற்கு மேல் இருக்கும், அடியில் போய் உட்காரும்.

பெட்டிக்குப் பெட்டி இந்தச் சோதனை தேவை. ஒரே நிறுவனம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறது. ஃபேன்சி ஸ்டோர் பைகளிலோ ஒரே பைக்குள்ளேயே இரண்டு வகை இருக்கும். யானை பிவிசி, அதோடு வரும் மரம் பாலித்தீன் என்பது அடிக்கடி காண்பது.

பாலிஸ்டைரீன் என்று தெரிந்தால் கவலை விட்டது. மாடல் கடைப் பிளாஸ்டிக் சிமென்ட் அதைக் கரைத்து ஒட்டும், எந்த பிரைமரும் (அடிப்பூச்சு) பிடிக்கும், அரமும் உப்புத்தாளும் வேலை செய்யும். பிவிசியில் ஃபெவிக்விக் நன்றாகவே ஒட்டும், நீரில் கரையும் அக்ரிலிக் நிறமும் பிடிக்கும். ஸ்ப்ரே பிரைமரும் எனாமலும் மட்டும் ஆகாது. மென்மைக்காக பிவிசியில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மேலே கசிந்துகொண்டே இருக்கும். அதுவும் எனாமலும் சேர்ந்தால் பூச்சு காயாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஆகவே பிவிசி உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி, அக்ரிலிக்கை நேரடியாகப் பூசுவதே சரி. முதல் பூச்சில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கட்டும். தண்ணீர் கூடினால் நிறம் திட்டுத்திட்டாக விலகி ஓடும்.

பிவிசிக்கு இன்னொரு கட்டாய விதி உண்டு. அதைச் சூடான ஊசியாலோ கத்தியாலோ வெட்டக் கூடாது. கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். கெட்டில் வெந்நீரில் போட்டு நிமிர்த்துவதில் ஆபத்து இல்லை.

பாலித்தீனில் எதுவும் ஒட்டாது

மீதமிருப்பது பாலித்தீன். 1/72 பெட்டிகளில் பெரும்பங்கு இதுதான் என்பதால் கட்டுரையின் மீதமும் பெரும்பாலும் இதைப் பற்றியே. பாலித்தீனின் மேற்பரப்பு எண்ணெய் தடவிய தோல் மாதிரி. பெயிண்டோ பசையோ எம்-சீலோ அதன்மேல் படியுமே தவிர அதைப் பிடிக்காது. பசைக் குழாய்களையும் ஷாம்பு பாட்டில்களையும் இதே பொருளில் செய்வதற்கு இதுவே ஒரு காரணம்.

அதனால் பாலித்தீனில் ஒட்டவைக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். போடுவது எதுவானாலும் உருவத்தைச் சுற்றி வளைத்துத் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும்படி போட வேண்டும். பூச்சு உறைபோல் முழு உருவத்தையும் மூட வேண்டும். தலைப்பாகை தலையை முழுச்சுற்றுச் சுற்ற வேண்டும். தலைக்கும் கைக்கும் உள்ளே கம்பி போக வேண்டும். அடித்தட்டைச் சுற்றி மணல் கலவை ஏறி அதைக் கவ்வ வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும்.

கழுவுவதிலிருந்து தொடங்கலாம். அச்சிலிருந்து உருவம் எளிதாக விடுபடத் தடவும் எண்ணெய்ப் படலம் பலவற்றில் மேலே நிற்கும். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் துலக்கும் திரவம், பழைய பல்துலக்கி இவை போதும். சட்டத்திலிருந்து வெட்டாமல் அப்படியே தேய்த்தால் ஒரே தடவையில் பத்து உருவம் சுத்தமாகும். கழுவிய பின் வெறும் விரலால் முகத்தையும் துப்பாக்கியையும் தொடாமல் சட்டத்தையே பிடித்துக் காயவிடுங்கள்.

அச்சுக்கோடுகளை எடுக்க உப்புத்தாள் உதவாது. பாலித்தீன் தேயாது, பஞ்சுபோல் பிசிறு கிளம்பும். புதிய சர்ஜிக்கல் பிளேடால் மெல்லிய தோலாகச் சீவி எடுக்க வேண்டும். பிளேடு சற்று மழுங்கினாலும் சீவாமல் இழுக்கும், அப்போது மாற்றிவிடுங்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு மூன்று பிளேடு செலவாவது இயல்பு. மேசைமேல் மூன்றடி தள்ளி நின்று பார்க்கப்போகும் உருவம் இது. தொப்பி, தோள், துப்பாக்கி ஆகிய இடங்களில் தெரியும் கோட்டை மட்டும் எடுத்தால் போதும். தொடையின் உட்புறத்துக் கோட்டோடு மல்லுக்கட்டுவது வீண்.

அடிப்பூச்சுக்குப் பல வழிகள் உண்டு. வாகனப் பெயிண்ட் கடையில் பம்பருக்கு அடிக்கும் ஒட்டுப் பிரைமர் கிடைத்தால் அதுவே நல்லது. பாலித்தீன் வகைப் பரப்பைப் பிடிக்கவென்றே தயாரித்தது அது. மெல்லிய ஒரே பூச்சு, திறந்த வெளியில் அடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஃபெவிகால் இருக்கிறது. இரண்டு பங்கு ஃபெவிகாலில் ஒரு பங்கு தண்ணீர், அதோடு சிறிது கறுப்பு அல்லது பழுப்பு அக்ரிலிக் கலந்து உருவம் முழுக்கப் பூசுங்கள். நிறம் கலப்பது எந்த இடம் விட்டுப்போனது என்று தெரிவதற்காக. ஃபெவிகால் உலரும்போது சுருங்கி, உருவத்தின் மேல் இறுகிய உறையாகும். இடையில் ஓர் இடம் விட்டுப்போனால் அந்த ஓட்டையிலிருந்துதான் உரியத் தொடங்கும். பாதத்தின் கீழ், கைக்கும் உடலுக்கும் நடுவில், துப்பாக்கியின் அடிப்புறம் மூன்றையும் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

நிறத்துக்கு விலையுயர்ந்த மாடல் பெயிண்ட் வேண்டியதில்லை. துணியில் வரைய விற்கும் அக்ரிலிக் நிறங்கள் வளையக்கூடியவை, மடித்தாலும் விரிசல் விடாது. இந்த வேலைக்கு அவை கேன்வாஸ் அக்ரிலிக்கைவிட ஏற்றவை. முகம், பித்தான், கச்சை போன்ற நுணுக்கங்களுக்கு மட்டும் நல்ல அக்ரிலிக் நான்கைந்து நிறம் வைத்துக்கொண்டால் போதும். எல்லாம் முடிந்ததும் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்த ஃபெவிகால் இன்னொரு பூச்சு. அது பளபளக்கும், அதன்மேல் மேட் வார்னிஷ். அடியில் ஒரு உறை, மேலே ஒரு உறை, நடுவில் நிறம்.

இவ்வளவு செய்தும் உரியும் இடங்கள் உண்டு. துப்பாக்கி முனை, அதில் மாட்டிய பயனெட் கத்தி, கணுக்கால். இவை வளையும் இடங்கள். வளைவதை நிறுத்தினால் உரிவதும் நிற்கும். பயனெட்டைப் பாதி உருவங்களில் வெட்டிவிடலாம், மேசையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டு அல்லது நான்கு உருவங்களைக் கெட்டியான ஒரே தட்டில் நிறுத்திவிட்டு, ஆட்டத்தின்போது தட்டை மட்டுமே தொட வேண்டும். உருவத்தின் தலையைப் பிடித்துத் தூக்குபவர் வீட்டில் எந்தப் பூச்சும் நிற்காது.

எத்தனை பேர் வேண்டும்

1760 ஜனவரி 22. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் பக்கம் ஐரோப்பியர் ஏறத்தாழ 1,900 பேர், சிப்பாய்கள் 2,100, உள்ளூர்க் குதிரைப்படை 1,250. பிரெஞ்சுத் தளபதி லாலியின் பக்கம் குதிரைவீரர் 300 பேரையும் சேர்த்து ஐரோப்பியர் 2,250, சிப்பாய்கள் 1,300. லாலியோடு வந்த மராத்தியக் குதிரைப்படை சுமார் 3,000, ஆனால் அது போரில் இறங்காமல் ஒதுங்கி நின்றுவிட்டது.

ஓர் உருவம் 50 பேருக்குச் சமம் என்று வையுங்கள். கூட்டுக்கு 38 ஐரோப்பியர், 42 சிப்பாய், 25 குதிரை. லாலிக்கு 39 ஐரோப்பியக் காலாள், 6 குதிரை, 26 சிப்பாய். மராத்தியருக்குக் கணக்குப்படி 60 வரும். ஒதுங்கி நிற்கும் படைக்கு அத்தனை உழைப்பு வேண்டாம், 12 போதும். காலாட்கள் மொத்தம் 145, குதிரைகள் 43. ஒரு பெட்டியில் கால்வாசி உருவங்கள் நமக்கு ஆகாத நிலையில் இருக்கும் என்று கழித்துக்கொண்டாலும் காலாளுக்கு நான்கைந்து பெட்டி, குதிரைக்கு நான்கைந்து பெட்டி. இரு பக்கப் படையையும் எட்டு முதல் பத்துப் பெட்டியில் கட்டிவிடலாம். இன்னும் சுருக்க வேண்டுமென்றால் 100 பேருக்கு ஓர் உருவம் என்று பாதியாக்கலாம், ஆனால் அப்போது பிரெஞ்சுக்காரரின் லொரேன் படைப்பிரிவு நான்கு பேராகச் சுருங்கிவிடும். வந்தவாசியில் அந்தப் பிரிவு கூட்டின் படைப்பிரிவை நோக்கி, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக நெடும்பத்தியாய் ஓடிவந்து மோதியதுதான் கண்ணில் நிற்கும் காட்சி. நீளப்பத்தி பத்தியாகத் தெரிய 8 உருவங்களாவது, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தட்டு வேண்டும்.

பெட்டி வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் போரின் பெயரைப் பார்க்காதீர்கள், ஆடையின் வெட்டைப் பாருங்கள். ஐரோப்பியருக்கு மூன்று மூலைத் தொப்பி, முழங்கால்வரை வரும் கோட்டு, நீண்ட காலுறை வேண்டும். ஏர்ஃபிக்ஸின் வாஷிங்டன் படை, ரெவெல் வெளியிட்ட ஏழாண்டுப் போர் ஆஸ்திரிய, பிரஷ்யக் காலாட்கள் போன்றவை வெட்டே இல்லாமல் பொருந்தும், நிறம் மாற்றினால் போதும். நெப்போலியன் காலப் பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் ஐரோப்பியருக்கு ஆகாது. உயரமான ஷாக்கோ தொப்பியும் இடுப்போடு நிற்கும் குட்டைக் கோட்டும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதே குட்டைக் கோட்டு சிப்பாய்க்கு அருமையாகப் பொருந்தும். எந்தப் பெட்டி எதற்கு என்பதில் இந்த ஒரு கண்ணோட்டம் பாதி வேலையை மிச்சமாக்கும்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலேயர் சிவப்பு, பிரெஞ்சுக்காரர் வெள்ளை என்று பிரித்து முடித்துவிட முடியாது. லாலியின் சொந்தப் படைப்பிரிவு ஐரிஷ் வீரர்களுடையது, பிரான்சுக்காகப் போரிட்ட ஐரிஷ் பிரிவுகள் சிவப்புக் கோட்டுதான் அணிந்தன. மேசையில் குழப்பம் வராமலிருக்கத் தட்டின் பின்விளிம்பில் பக்கத்துக்கு ஒரு நிறக்கோடு போட்டுவிடுங்கள், கொடியைப் பெரிதாகச் செய்யுங்கள்.

ஒரு சிப்பாயை மாற்றுவது

துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நிற்கும் அல்லது நடக்கும் உருவமே நல்லது. மண்டியிட்டுச் சுடுபவரில் குட்டைக் கோட்டும் முட்டிக்காலும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், வெட்ட இடமிருக்காது. 1/72-இல் ஆளின் உயரம் 24 மி.மீ., தலை 3 மி.மீ.க்குச் சற்று மேல். இந்த அளவு மனத்தில் இருந்தால் தலைப்பாகையை ஊதிப் பூசணிக்காயாக்கும் பிழை வராது.

முதலில் தொப்பி. பிளேடைக் காதுக்கு மேலே படுக்கையாக வைத்து ஒரே அழுத்தில் வெட்டுங்கள். அறுத்தால் பரப்பு சிலும்பும். நெற்றியில் அரை மி.மீ. விட்டால் முகம் கெடாது. பிறகு கோட்டின் வால்பகுதி தொடைக்கு நடுவில் தொங்கினால் இடுப்புக்குக் கீழே கொஞ்சம் விட்டுச் சீவுங்கள். கால்சட்டை முழங்கால்வரை வந்தால் அதை வெட்டவே வேண்டாம். தொடைநடுவில் ஒரு மெல்லிய வெட்டுக்கோடு போட்டு, மேலே வெள்ளை, கீழே தோல்நிறம் பூசினால் குட்டைக் கால்சட்டையும் வெறுங்காலும் ஆகிவிடும். காலுறைப் பித்தான்கள் புடைத்திருந்தால் மட்டும் சீவ வேண்டும். முதுகுப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள், தோட்டாப்பை இருக்கட்டும்.

இனித் தலைப்பாகை. இதற்குத்தான் பலரும் எம்-சீலை உருட்டித் தலைமேல் வைப்பார்கள். காய்ந்ததும் அது அழகாக உட்கார்ந்திருக்கும், லேசாகத் தட்டினாலே தெறித்து விழும். பாலித்தீனோடு அதற்கு உறவே இல்லை. நடு உச்சியில் ஒரு குண்டூசியைச் செங்குத்தாக 3 மி.மீ. இறக்குங்கள். ஊசியைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டால் தானே இறங்கும், இது பாலித்தீன் என்று உறுதியான பின்பே செய்ய வேண்டியது. ஊசியை மேலே 1 மி.மீ. மட்டும் நிற்கும்படி கட்டிங் பிளேயரால் நறுக்குங்கள். நறுக்கும்போது துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுமார் 20 செ.மீ. பருத்தித் தையல் நூலை ஃபெவிகாலில் நனைத்து, நுனியை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். பிறகு வலமிருந்து இடமாக நெற்றியை ஒட்டி இரண்டு சுற்று, அடுத்து சற்றுச் சாய்வாக ஒன்று, எதிர்ச்சாய்வாக ஒன்று. கடைசி நுனியை ஊசிக்கு அடியில் செருகிவிடுங்கள். பாலியெஸ்டர் நூல் பசையை உறிஞ்சாது, சுற்றும்போதே அவிழும். பருத்தியே வேண்டும். உலர்ந்ததும் நூலின் முறுக்கே தலைப்பாகையின் மடிப்பாகத் தெரியும். எம்-சீலில் எவ்வளவு செதுக்கினாலும் இந்த மடிப்பு இவ்வளவு இயல்பாக வராது. உச்சியில் ஊசி தெரியும் இடத்தில் ஒரு துளி ஃபெவிகால் குமிழாக வைத்தால் மூடிவிடும்.

நாற்பது சிப்பாய்க்கும் ஒரே மாதிரி சுற்றாதீர்கள். சுற்றுகளின் எண்ணிக்கை, சாய்வு, உயரம் மாறட்டும். ஆனால் ஒரு தட்டில் நிற்கும் நால்வரும் ஒத்திருக்க வேண்டும், அப்போதுதான் படைப்பிரிவு என்ற தோற்றம் வரும்.

எம்-சீலுக்கும் வேலை உண்டு. தலைப்பாகைக்குப் பதில் இடுப்புக் கச்சைக்கு அது சரியாக வரும், முழுச்சுற்றாகச் சுற்ற முடியுமே. இரண்டு நிறமும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை சில நிமிடம் காத்திருந்து, ஈரக் கண்ணாடிமேல் நூலளவுக்கு உருட்டி இடுப்பைச் சுற்றிப் பொருத்துங்கள். முனைகள் ஒன்றோடொன்று ஒட்டினால் போதும், உடலோடு ஒட்ட வேண்டிய தேவையில்லை.

தலையை மாற்றுவது கடைசி வழி. கழுத்தோடு வெட்டி, இரு பக்கமும் 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி ஏற்றி, சூடான ஊசியால் சந்தியை இரண்டு மூன்று இடத்தில் தொட்டு உருக்கி இணைத்தால் நிற்கும். பாலித்தீன் தன்னோடு தான் உருகி ஒன்றாகும், பசையைவிட இது வலுவானது. ஃபெவிக்விக் மட்டும் போட்டால் தலை நிற்பதுபோல் தோன்றும், பெட்டியில் வைத்து எடுத்தால் உருண்டு கிடக்கும். பாலித்தீனுக்கென்று தனி பிரைமரோடு விற்கும் சூப்பர் க்ளூ வகை இருக்கிறது, அது கிடைத்தால் கம்பியோடு சேர்த்துப் பயன்படுத்தலாம்.

கோணிய துப்பாக்கி, நீண்ட ஈட்டி

பெட்டிக்குள் நசுங்கி வளைந்த துப்பாக்கியைக் கொதித்து இறக்கிய நீரில் சில நொடி முக்கி, நேராக்கி, அப்படியே பிடித்தபடி ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவதே எல்லோரும் சொல்லும் முறை. பிவிசியில் இது நன்றாக நிற்கும். பாலித்தீனில் பாதிதான். பழைய வளைவு சில நாளில் மெல்ல எட்டிப்பார்க்கும். பழைய வளைவுக்கு எதிர்ப்பக்கம் சற்று மிகையாக வளைத்து, குளிர்நீரில் ஒரு நிமிடமாவது பிடித்தால் நடுவில் வந்து நிற்கும்.

மராத்தியக் குதிரைவீரரின் ஈட்டிக்கு வார்ப்பிலுள்ளதை வைத்துப் போராட வேண்டாம். நான்கு மீட்டர் ஈட்டி 1/72-இல் 55 மி.மீ., அவ்வளவு நீளப் பாலித்தீன் எந்நாளும் நேராக நிற்காது. கையைச் சூடான ஊசியால் துளைத்து, கெட்டியான துடைப்ப நைலான் இழையையோ மெல்லிய எஃகுக் கம்பியையோ செருகுங்கள். கம்பியின் முனையை ஆட்டக்காரர் கையில் குத்தாதபடி தட்டையாக அடித்துவிட வேண்டும். ஆட்களுக்கு அரபு, மம்லுக் குதிரைவீரர் பெட்டிகள் உதவும். நீள அங்கியை முழங்காலுக்கு மேல் நறுக்கி, தலைத்துணியைச் சீவி, சிப்பாய்க்குச் செய்த நூல் தலைப்பாகையே போட்டால் முடிந்தது.

பையில் வரும் மிருகங்கள்

ஃபேன்சி ஸ்டோர் மிருகப் பையை அலட்சியப்படுத்தக் கூடாது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற கற்பனை உலக ஆட்டத்தின் ரஸ்ட் மான்ஸ்டர், அவுல்பேர், புலெட் என்ற புகழ்பெற்ற பிராணிகள், அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தன் ஆட்ட மேசையில் பயன்படுத்திய மலிவு ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து உண்டானவைதான். அந்தப் பொம்மைகள் எந்த விலங்கு என்றே யாருக்கும் தெரியவில்லை, அதனால் அவற்றுக்குப் பெயரும் குணமும் வைத்தார்கள்.

நமக்கு வேண்டியது மாடு. பீரங்கியையும் வெடிமருந்து வண்டியையும் மாடுகளே இழுத்தன. பையில் மிருகங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்கும், யானையும் ஆடும் சமமாக நிற்கும். எனவே பெயரைப் பார்க்காமல் அடிக்கோலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். 1/72-க்கு எருதின் தோள் உயரம் 18 முதல் 20 மி.மீ. பண்ணை மிருகப் பையில் மாடு பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும், அதோடு வரும் கன்று சரியாகப் பொருந்தும். ஆனால் அது மேலைநாட்டுக் கன்று, திமில் இருக்காது. தோளுக்கு மேல் திமிலையும் கழுத்தடியில் அலைதாடியையும் ஒரே துண்டு எம்-சீலால் கழுத்தைச் சுற்றிய வளையமாகச் செய்யுங்கள், அது கழன்று விழாது. தலையில் இரண்டு துளை போட்டு வளைத்த கம்பியைக் கொம்பாகச் செருகினால் கன்று எருதாகிவிடும். திமிலும் கொம்பும் வந்த உடனே மேசை தமிழ்நாட்டு மண்ணாகத் தெரிகிறது. நூறு சிப்பாய் செய்தாலும் வராத தோற்றத்தை நான்கு எருது கொண்டுவரும்.

யானை தேவைப்படும் வேறு போர்களுக்கும் இதே அளவுகோல்தான். ஆசிய யானைக்குத் தோள் உயரம் 35 முதல் 42 மி.மீ. பைகளில் இருப்பது பெரும்பாலும் பெரிய காது கொண்ட ஆப்பிரிக்க யானை. காதின் கீழ்ப்பாதியைக் கத்தரித்து, குழிந்த முதுகை அம்பாரித் துணியால் மூடிவிட்டால் வேறுபாடு மறையும். கேக் அலங்காரத்துக்கு விற்கும் தென்னை மரங்களையும் விடாதீர்கள். ஓலைகளை நறுக்கி விசிறி வடிவில் திருப்பினால் பனையும் ஆகும்.

பச்சை நிறத்தில் பையில் வரும் 5 செ.மீ. சிப்பாய்கள் இந்தப் படைக்கு ஆக மாட்டார்கள், 24 மி.மீ. ஆளின் பக்கத்தில் பூதம்போல் நிற்பார்கள். அவர்களோடு வரும் மணல்மூட்டை, கூடாரம் மட்டும் பயன்படும்.

பழைய, முத்திரையில்லாத பொம்மைகளில் ஒரு எச்சரிக்கை தேவை. இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதற்கு முந்தைய மலிவுப் பொம்மையின் மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஈயம் இருக்கக்கூடும். தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரத்தோடு சீவி வேலைசெய்து, முடிந்ததும் கை கழுவுங்கள். வெட்டிய துணுக்குகள் சிறு குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

தட்டு, வண்டி, பெட்டி

நான்கு காலாளுக்கு 40க்கு 30 மி.மீ., 2 மி.மீ. தடிமன் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) தட்டு. பாலித்தீன் அடித்தட்டு ஃபெவிகாலிலிருந்து முழுதாகப் பெயர்ந்து வரும். அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஃபெவிபாண்ட் போன்ற ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, கைக்கு ஒட்டாத அளவு காய்ந்த பின் அழுத்த வேண்டும். பிறகு ஃபெவிகாலில் சலித்த மணலைக் குழைத்து, உருவத்தின் அடித்தட்டு விளிம்பு மறையும்வரை மேலே ஏற்றுங்கள். உருவத்தை உண்மையில் பிடித்து வைப்பது இந்த மணல் விளிம்புதான். கலவை தண்ணியாக இருந்தால் எம்டிஎஃப் கோணும். கெட்டியாகக் குழைத்து, தட்டின் அடியிலும் ஒரு பூச்சு ஃபெவிகால் கொடுத்தால் இரு பக்கமும் ஒரே இழுப்பில் நிற்கும். செம்பழுப்பு அடிநிறம், அதன்மேல் உலர்ந்த தூரிகையால் வெளிர்மஞ்சள் தேய்ப்பு, அங்கங்கே காய்ந்த தேங்காய் நார்த் துகள்.

பிரெஞ்சு இடப்புறத்தில் ஏரிக்கரையை ஒட்டி இருந்த அரணில் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்து ஏறக்குறைய 80 பேரைச் சாய்த்ததும், ஆங்கிலேயரின் டிரேப்பர் படைப்பிரிவை மேஜர் பிரேரெட்டன் அந்த இடத்துக்கு நடத்திச் சென்றதும் போரின் திருப்பம். அதனால் இந்த ஒரு வண்டியை இரண்டு முறை செய்யுங்கள். முழுதானது ஒன்று, சிதைந்தது ஒன்று, இரண்டும் ஒரே அளவுத் தட்டில். 20 மி.மீ. சக்கரம் இரண்டு, தீக்குச்சி ஏர்க்கால், அட்டைப்பெட்டி உடல். சிதைந்ததில் ஒரு சக்கரத்தைப் பாதியாக வெட்டிச் சாய்த்து, பஞ்சை ஃபெவிகாலில் நனைத்துக் கம்பியில் சுற்றி நிறுத்தி, அடியில் ஆரஞ்சும் மேலே போகப்போகச் சாம்பலும் கறுப்பும் பூசுங்கள். பகடையில் வெடிப்பு விழுந்ததும் ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்துவிடலாம்.

முடிந்த படையை அட்டைப் பெட்டியிலோ தகர டப்பாவிலோ வையுங்கள், தட்டின் அடியில் காந்தத் தாள் ஒட்டினால் தகரத்தில் அசையாமல் நிற்கும். பிவிசி மாடுகளும் யானைகளும் தெர்மாகோலையோ பாலிஸ்டைரீன் பெட்டியையோ தொடக் கூடாது. அவற்றிலிருந்து கசியும் எண்ணெய் தெர்மாகோலை உருக்கி, மிருகத்தின் கால் அதில் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு காகிதம் போதாது, தனிப் பாலித்தீன் பை வேண்டும். பாலித்தீன் வீரர்களுக்கு எதிரி வெயில். பல ஆண்டு வெளிச்சம் பட்ட பழைய பாலித்தீன் உருவங்கள் பிஸ்கட்போல் நொறுங்குவதுண்டு, நொறுங்கத் தொடங்கியதை மீட்க வழியில்லை. பழைய பெட்டியை விலைபேசி வாங்கும்போது ஒரு துப்பாக்கியை லேசாக வளைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.